ரெண்டு எட்டு இந்தப் பக்கம்

"ஏனுங்க அம்மிணி, இந்த ஸ்டாண்டை ஒரு ரெண்டு எட்டு இந்தப் பக்கம் வெச்சா என்னங்க?"

கேட்டார் கருப்பண்ணன். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கேமராவோடு சேர்த்து முக்காலியை அலாக்காகத் தூக்கி, தன் கேழ்வரகுக் காட்டின் ஓரத்தில் ஊன்றி வைத்துவிட்டார். அந்த மூன்று கால்களையும் சமமாக நிறுத்த நான் முக்கால் மணி நேரம் மண்டியிட்டுக் கிடந்திருந்தேன். அவருக்கு அதற்கு மூன்று நொடிதான் ஆயிற்று.

ஏற்காட்டு மலையில் மஞ்சக்குட்டை பக்கத்தில் ஒரு சரிவு. கார்த்திகை மாதக் காலை. மேலே அவருடைய கேழ்வரகுக் காடு, கீழே அவர் தம்பி சடையனின் காப்பிச் செடிகள், நடுவில் ஒரு பெரிய பலா மரம். பனி வருவதும் போவதுமாக இருந்தது.

"இப்பப் பாருங்க. மரம் யாரு பக்கம் நிக்குது?"

குனிந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் தம்பியின் காப்பிச் செடிகள் மேட்டுக்குப் பின்னால் மறைந்துவிட்டன. மரம் கேழ்வரகுக் காட்டுக்குள்ளேயே முளைத்த மாதிரி நின்றது.

"உங்க பக்கந்தானுங்க" என்றேன்.

"அப்பிடியே ஒண்ணு புடிங்க. நானும் நொம்ப நாளா அதைத்தானுங்க சொல்லிட்டிருக்கறேன்."

பிடித்தேன். விவரம் தெரியாமல் பிடித்துவிட்டேன் என்று இங்கே எழுதத்தான் ஆசை. ஆனால் இந்தத் தொடரில் இதுவரை பொய் எழுதவில்லை. தெரிந்தேதான் பிடித்தேன்.

முகங்களிடமிருந்து ஓடி வந்தவள்

சென்ற வாரம் காட்டெருமைக்கு வழிவிட்டுக் காப்பிச் செடிக்குள் நான் பதுங்கிய கதையைப் படித்த வாசகி ஒருவர் எழுதியிருந்தார். 'ஒரு படத்துக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்களே, அப்போது உங்கள் மனதில் என்ன ஓடும்?' என்று பக்தியோடு கேட்டிருந்தார்.

காலைச் சாப்பாடுதான் ஓடும். முதல் அரைமணி நேரம் இட்லியா பரோட்டாவா என்பது. அடுத்த அரைமணி நேரம், அறையைப் பூட்டினேனா இல்லையா என்பது. அதற்கப்புறம், என்னைப் பற்றி யாரோ எப்போதோ சொன்ன ஒரு வார்த்தைக்கு அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

இரண்டு மணி நேரம் போனால் மனசுக்குப் பேச விஷயம் தீர்ந்துவிடும். அப்புறம்தான் கண் வேலைக்கு வரும். பலா இலைகளில் எந்தப் பக்கம் ஈரம், எந்தக் கிளை காற்றுக்கு முதலில் அசைகிறது, பனி மரத்துக்கு முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பதெல்லாம் அதுவரை தெரியாது. தியானம் என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம். உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப் போவதுதான் என் தொழில் முறை.

ஒரு நாளைக்கு ஒரு படம். பல நாள் அதுவும் இல்லை. இரண்டு வருடமாக அந்த ஒரே மரத்தைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்பு சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் பல வருடம் வேலை. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. சிரிங்க. இவ்வளவு வேண்டாங்க." ஒரு நாளைக்கு நாற்பது முகம். முகூர்த்த நாள் என்றால் கணக்கே கிடையாது. ஒன்றுவிட்ட மாமா ஒருத்தர் படத்தில் பாதியாக வெட்டுப்பட்டுப் போனதற்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து கடைக்கு வந்து சண்டை போட்டிருக்கிறது. கடைசியில் ஒருநாள், இனி என் வாழ்நாளில் மனித முகத்தைப் படம் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அந்த வைராக்கியத்தில் உறுதியாகவும் இருந்தேன். சரிவில் யாராவது நடமாடினால், அவர்கள் போகும்வரை கேமராவைத் தொட மாட்டேன். ஊரில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. கருப்பண்ணனின் மனைவி பழனியம்மா புல்லுக்கட்டோடு போகும்போது தூரத்திலிருந்தே குரல் கொடுப்பார்.

"அம்மிணி, நா போயிட்டேன்! புடிச்சுக்கோங்க!"

ஒரு பழத்தால் வந்த பேச்சு

அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்வதில்லை. இதை எனக்குச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. ஒருவர் வரப்பில் வந்தால் இன்னொருவர் வானத்தைப் பார்ப்பார். மழை வருமா என்று பார்க்கிறார் என்று முதல் மாதம் நானும் நம்பினேன்.

நிலம் அவர்கள் அப்பாவுடையது. பட்டா இன்னும் கூட்டாகத்தான் இருக்கிறது. அவர் காலமான பிறகு, மேலே அண்ணனுக்கு, கீழே தம்பிக்கு என்று வாயாலேயே பாகம் பிரித்துக்கொண்டார்கள். அப்பா நட்ட பலா மரம் சரியாக நடுக்கோட்டில் மாட்டிக்கொண்டது. மேல் கிளையில் காய்ப்பது அண்ணனுக்கு, கீழ்க் கிளையில் காய்ப்பது தம்பிக்கு என்று கொஞ்ச காலம் ஓடியது.

பலாவுக்கு அந்த ஒப்பந்தம் தெரியாது. ஒரு வருடம் அடிமரத்திலேயே, ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத அளவுக்கு ஒரு பழம் காய்த்தது. தம்பி ஊரில் இல்லாத நாளில் அண்ணன் அதை அறுத்து, கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டார். தம்பிக்கும் ஒரு பங்கு எடுத்து வைத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

"பழத்துக்காகவாங்க சண்டை? கேக்காம அறுத்தாரே, அதுக்குத்தானுங்க" என்று சடையன் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

"எங்கப்பன் வெச்ச மரத்துல பழம் அறுக்க நா எவங்கிட்டக் கேக்கோணும்?" என்று கருப்பண்ணன் இன்னொரு முறை சொன்னார்.

இதற்கு மேல் அந்தச் சண்டையில் ஒன்றுமே இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஓடியது.

பாய் கடையில் வந்த சேதி

ஏற்காட்டில் இஸ்மாயில் பாயின் மளிகைக் கடைக்கு மேல் மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். பாயின் குடும்பம் சேலத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறது. என் தொழில் மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை உண்டு. ஆனால் அதை அவர் காட்டிக்கொள்வதில்லை.

ஒருமுறை, நான் மிகவும் கர்வப்பட்ட ஒரு பனிப் படத்தைப் பெரிதாகப் பிரிண்டு போட்டு அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாயிருக்குதுங்க மேடம். எப்பப் பிரிண்டு போடப் போறீங்க?"

அந்த ஐப்பசியில், கடையில் நான் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது பாய் அந்தச் சேதியைச் சொன்னார். கருப்பண்ணனின் மகள் தேவிக்குக் குப்பனூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் ராசியாகப் போகிறார்கள். பலா மரத்தை வெட்டித் தேவிக்குக் கட்டிலும் பீரோவும் செய்யப் போகிறார்கள்.

"மலையில மரம் வெட்டோணும்னா உத்தரவு வாங்கோணுமுங்களே மேடம். கூட்டுப் பட்டாவுங்கறதால ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணுமாமா. பழனியம்மாதான் ரெண்டு பக்கமும் பேசிச் சம்மதிக்க வெச்சிருக்குது. பாவம், மனசு குளுந்து போய் அரைக்கிலோ சக்கரை சேத்து வாங்கிட்டுப் போச்சுங்க."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ரொட்டி கையில் கனத்தது.

சென்னையில் ஒரு கண்காட்சிக்கு என் படங்களைக் கேட்டிருந்தார்கள். பன்னிரண்டு படம். எல்லாம் அந்த ஒரே மரம்தான். பதினொன்று தயார். பன்னிரண்டாவது மட்டும் வரவே இல்லை. சரிவு முழுக்கப் பனியில் மறைந்து, வேர் தெரியாமல், நிலம் தெரியாமல், மரம் மட்டும் தனியாக நிற்கிற ஒரு படம். அதற்கு மார்கழிக் காலை ஒன்று சரியாக அமைய வேண்டும்.

மரத்தைத் தை மாதம் வெட்டிவிட்டால்? மார்கழி ஏமாற்றிவிட்டால்?

ஒரு குடும்பம் பத்து வருடத்துக்குப் பிறகு ஒன்று சேரப் போகிறது என்று ஒருவர் வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. என் குணம் எனக்கு முழுதாகத் தெரிந்த நாள் அது.

பெரியவருக்கு ஒன்று, சின்னவருக்கு ஒன்று

சமாதானத்தில் ஒரு சின்ன விரிசல் இருந்தது. அது எனக்குச் சரிவிலேயே கண்ணில் பட்டது.

மரத்தை வெட்டுவதில் இருவருக்கும் ஆட்சேபணை இல்லை. தேவிக்குக் கொடுப்பதிலும் இல்லை. யார் கொடுத்தது என்பதில்தான் இருந்தது.

"என்ற மரம். என்ற புள்ளைக்கு நா வெட்டறேன். தம்பி கையெழுத்துப் போட்டுக் குடுத்தான்னா அது அவன் பெருந்தன்மை. அவ்வளவுதானுங்க" என்றார் கருப்பண்ணன்.

"என்ற மரத்தை எங்கண்ணன் புள்ளைக்கு நாந்தானுங்க குடுக்கறேன். சீரா இருக்கட்டும்" என்றார் சடையன்.

இருவரும் விட்டுக்கொடுக்கத் தயார். ஆனால் விட்டுக்கொடுப்பதற்கு முதலில் அது தன்னுடையதாக இருக்க வேண்டுமே! அந்தச் சந்தேகத்தோடுதான் கருப்பண்ணன் அன்றைக்கு என் முக்காலியைத் தூக்கி இரண்டு எட்டு தள்ளி வைத்தார்.

அவர் கேட்டபடி எடுத்த படத்தைப் பெரிதாகப் பிரிண்டு போட்டுக் கொடுத்தேன். கெட்டியான காகிதம், கறுப்பு வெள்ளை. பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மரம் அண்ணனுடையது. அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் சடையன் வந்தார். அண்ணன் வீட்டில் படம் மாட்டியிருக்கிறது என்று அவருக்குக் காதில் விழுந்திருக்கிறது. கீழே இருக்கிற பாறையைக் காட்டினார்.

"அங்க நின்னு ஒண்ணு புடிங்க அம்மிணி. ஞாயம்னு ஒண்ணு இருக்குதுங்களே."

பாறை மேல் நின்று பார்த்தால் கேழ்வரகுக் காடே இல்லை. காப்பிச் செடிகள் மரத்தின் காலடி வரைக்கும் ஏறிப் போயிருந்தன. அதையும் எடுத்தேன். அதே அளவு, அதே காகிதம். அவருக்கும் கொடுத்தேன். நான் செய்த காரியங்களிலேயே மிக நேர்த்தியானது அதுதான். இரண்டு படமும் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விண்ணப்பத்தில் 'எனது மரம்' என்று எழுத வேண்டும் என்று அண்ணன் நின்றார். தம்பியும் அதையேதான் கேட்டு நின்றார். "போட்டோவே இருக்குதே!" என்று இருவரும் ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டார்கள். கையெழுத்து நின்றது. மரமும் நின்றது.

நான் முக்காலியைப் பழைய இடத்தில் ஊன்றிக்கொண்டு மார்கழிக்காகக் காத்திருந்தேன். இரண்டு வீட்டிலிருந்தும் எனக்குத் தினமும் டீ வந்தது.

பழனியம்மா மாடி ஏறி வந்தார்

மார்கழி வந்தது, போனது. பனி வரத்தான் செய்தது. ஆனால் நான் கேட்ட மாதிரி ஒருநாளும் வரவில்லை. ஒன்று மரத்தையும் சேர்த்து முழுங்கியது, இல்லையென்றால் வெயில் வந்து எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தது.

தை மாதத்தில் ஒரு மத்தியானம், பழனியம்மா என் மாடிக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே வந்ததில்லை. கையில் பழைய பேப்பரில் சுற்றிய இரண்டு அட்டைகள். நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. பேப்பரைப் பிரித்து, என் கட்டில் மேல் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று அவர் வீட்டில் இருந்தது. இன்னொன்றை அவருடைய ஓரகத்தி, சடையனின் மனைவி, புருசனுக்குத் தெரியாமல் கழற்றிக் கொடுத்திருக்கிறார். ஆண்கள் பேசாமல் இருந்த அத்தனை வருடமும் அந்த இரண்டு பெண்களும் கிணற்றடியில் தினமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்களாம்.

"அம்மிணி, ரெண்டும் ஒரே மரந்தானுங்களே?"

"ஆமாங்க."

"நீங்கதானுங்களே ரெண்டையும் புடிச்சது?"

"ஆமாங்க."

கோபமாகக் கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். ஸ்டுடியோ அனுபவம் அப்படி. ஆனால் அவர் முந்தானையால் படத்தின் ஓரத்தில் இருந்த தூசியைத் துடைத்தார். அழுக்காகாமல் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் அல்லவா.

"போன வாரம் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தாங்க. பொண்ணோட சித்தப்பன் எங்கன்னு கேட்டாங்க. ஊருக்குப் போயிருக்கறார்னு இவரு சொன்னாரு. அப்பப் பாத்துக் கொழுந்தனாரு மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வாசல் வழியாவே போறாரு. அவங்களுக்கும் கண்ணு இருக்குதுங்களே? கூடப் பொறந்தவனையே சேத்துக்க முடியாத ஊட்டுல எப்பிடிங்க சம்பந்தம் வெக்கறதுன்னு யோசிக்கறாங்களாம். தேவி மூணு நாளா சரியாச் சாப்பிடல."

நான் படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது. அந்த நேரத்திலும் அது என் கண்ணில் பட்டது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"கையெழுத்துப் போடறம்னு ரெண்டு பேரும் எங்கிட்டச் சொன்னாங்க அம்மிணி. பத்து வருசமாப் பேசிப் பேசி வாங்குன வார்த்தை அது."

"நாளைக்குக் காலையில வர்றேனுங்க. ரெண்டு பேரையும் மரத்தடிக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

அட, இங்கிருந்து பாத்தா!

மறுநாள் போனபோது, மரத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தம்பி. இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழனியம்மா நடுவில் நின்றார். படங்கள் அவர் கையில் இருந்தன.

எனக்குப் பேசத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தேன். முக்காலியைக் கேழ்வரகுக் காட்டு ஓரத்தில் ஊன்றி, சடையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணை மூடுவதற்குப் பதில் இரண்டையும் மூடினார். அப்புறம் ஒன்றைத் திறந்தார்.

"அட, இங்கிருந்து பாத்தா மரம் மேல்காட்டுல நிக்குது!"

முக்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே பாறைக்குப் போனேன். கருப்பண்ணன் மூச்சு வாங்க இறங்கி வந்து பார்த்தார். கேமராவை விட்டு நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார், மறுபடியும் கேமராவுக்குள் பார்த்தார்.

"நான் எங்க நிக்கறனோ அதைப் பொறுத்துத்தானுங்க மரம் நகருது" என்றேன். "எனக்கு இது முன்னாடியே தெரியுமுங்க. தெரிஞ்சுதான் ரெண்டு படத்தையும் குடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் ராசியாயிட்டா மரத்தை வெட்டிருவீங்க. எனக்கு இன்னொரு படம் பாக்கி இருந்துது."

முதலில் கருப்பண்ணன் ஆரம்பித்தார்.

"படிச்சவங்க பண்ற வேலைங்களா அம்மிணி இது?"

"அதானே" என்றார் சடையன்.

"நம்பி ஊட்டுல மாட்டி வெச்சேனுங்க. சாமி படத்துக்குப் பக்கத்துல!"

"நானும் சாமி படத்துக்குப் பக்கத்துலதானுங்க வெச்சேன்!"

"தெனமும் டீத்தண்ணி போட்டுக் குடுத்தம் இந்த அம்மிணிக்கு!"

"எங்கூட்ல இருந்துந்தான் குடுத்தோம்ண்ணா! இஞ்சி தட்டிப் போட்டு!"

அந்த 'ண்ணா' எப்படியோ வெளியே வந்து விழுந்துவிட்டது. சடையன் வாயைக் கப்பென்று மூடிக்கொண்டார். கருப்பண்ணன் என்னைத் திட்டுவதற்காகத் தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல், நீட்டவும் தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். பழனியம்மா திரும்பி நின்றுகொண்டு மூக்கைச் சிந்தினார்.

"உங்கூட்ல இருந்து இஞ்சி டீ போயிருக்குது, வெறும் டீ அனுப்பிச்சிருக்குது பாரு என்ற பொண்டாட்டி" என்றார் கருப்பண்ணன், தம்பியைப் பார்க்காமல்.

அப்புறம் மறுபடியும் என் பக்கம் திரும்பினார்கள். இருவரும் சேர்ந்து என்னைத் திட்டியது அரைமணி நேரம் நடந்தது. ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் தொடர்ந்தார். விட்டுப்போனதை ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை.

தெண்டம்

யார் கொடுத்தது என்கிற கேள்வியை முடித்து வைத்தது பழனியம்மாதான்.

"மரம் என்ற மாமனாரு வெச்சது. அவரு பேத்திக்கு அவரு குடுத்தாரு. நீங்க ரெண்டு பேரும் கையெழுத்தை மட்டும் போட்டுட்டுப் போங்க."

இருவரும் தலையை ஆட்டினார்கள். அப்புறம் அவர் என்னைப் பார்த்தார்.

"தப்புப் பண்ணுனா எங்கூர்ல தெண்டம் போடுவமுங்க அம்மிணி. தேவி கல்யாணத்துக்கு நீங்கதான் போட்டோ புடிக்கோணும். எல்லாரையும். ஒருத்தர் மொகம் உடாம."

நான் பதறிப்போனேன். வேறு எந்தத் தண்டனை என்றாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன். காப்பிக் காட்டில் களை எடுக்கச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் எடுத்திருப்பேன். சாக்குச் சொல்லிப் பார்த்தேன். ஸ்டுடியோவில் கத்தியதில் தொண்டையே போய்விட்டது என்று கூடச் சொன்னேன். அண்ணனும் தம்பியும் ஒரே மாதிரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

உத்தரவு வந்து, பங்குனியில் மரத்தை வெட்டினார்கள். நான் போயிருந்தேன். கேமரா எடுத்துப் போகவில்லை. மரம் சாய்ந்தபோது அழுதேன். சடையன் ஒரு பலாப் பிஞ்சைப் பொறுக்கி, "கூட்டு வெச்சுச் சாப்பிடுங்க" என்று என் கையில் கொடுத்தார். பன்னிரண்டாவது படம் இல்லாமலேயே கண்காட்சி நடந்தது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கல்யாணம் ஆவணியில். பச்சை மரம் காய வேண்டும் என்று ஆசாரி சொல்லிவிட்டதால், இத்தனை கலாட்டாவுக்குக் காரணமான கட்டில் கல்யாணத்துக்கு வந்து சேரவே இல்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே, கேமராவுக்கு முன்னால் ஒரு முகம் வந்தால், போகட்டும் என்று பழக்கத்தில் காத்திருந்தேன். அது போகவில்லை, சிரித்தது. தாலி கட்டும் நேரத்தில் இஸ்மாயில் பாய் பின்னாலிருந்து, "மேடம், இவங்க பனி இல்லீங்க, கலைஞ்சு போக மாட்டாங்க, எடுங்க!" என்று கத்தினார். மண்டபமே சிரித்தது. அதற்கப்புறம்தான் எனக்கு விரல் ஓடியது. பழக்கம் எங்கே போகும்? "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க" என்று ஊர்ப் பெரியவர்களையே அதட்டினேன்.

பந்தி ஓய்ந்த பிறகு, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சடையன் வெற்றிலையை மென்றுகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். படங்களைக் காட்டச் சொன்னார். கேமராவை அவர் கையிலேயே கொடுத்து, எந்தப் பொத்தானை அமுக்குவது என்று சொன்னேன்.

தேவி, மாப்பிள்ளை, பழனியம்மா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவர், ஒரு படத்தில் நின்றுவிட்டார். மகள் கழுத்தில் தாலி ஏறும்போது கருப்பண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் நேராக, வெளிச்சத்தில் இருந்தது. பெரிதாக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க அம்மிணி, எங்கண்ணனுக்கு எப்பங்க இத்தன நரைச்சுது?"

அவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்தான். அவர் என்னைக் கேட்டார். இரண்டு வருடமாக விடிந்தால் அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் என்பதால், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"எனக்கும் தெரியலீங்க" என்றேன்.

அவர் கேமராவை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து, கூட்டத்துக்குள் அண்ணனைத் தேடிக்கொண்டு போனார்.